கேட்டால்தான் ஸ்பூன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் மையத்தில் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது குழந்தைகளைப் பார்த்தால் வராது, அவர்களைப் பெற்றவர்களைப் பார்த்தால் மட்டும்தான் வரும். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்குப் பேசப் பழக்குவது என் வேலை. குட்டையான மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கட்டுப் படங்கள், சோப்புக் குமிழி விடும் குழாய், இவ்வளவுதான் என் கடை. உள்ளே ஒரு குழந்தை என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாலும் சிரித்துக்கொண்டிருப்பேன். கதவைத் திறந்து வெளியே வந்ததும், அங்கே தவம் கிடக்கும் அப்பா எழுந்து நின்று "இன்னைக்கு என்ன சொன்னா டீச்சர்?" என்று கேட்டால் போதும், சுர்ரென்று ஏறிவிடும்.

அப்படி என்னை ரொம்பவும் சோதித்தவர் ஒரு ஹோட்டல் சர்வர். ஒல்லியான மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நடந்தால் சத்தம் வராது. ஐந்து வயது மகளை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். "முதலாளி வந்தாச்சு டீச்சர்" என்று கதவைத் திறந்துவிட்டு, அவள் உள்ளே போகும்வரை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பார். அவளும் முதலாளி மாதிரிதான் வருவாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நேரே தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். நானும் அவளை முதலாளி என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

முதலாளி படத்தைக் காட்டினால் பேர் சொல்லிவிடுவாள். பந்து, நாற்காலி, தண்ணீர், ரொட்டி, குடை, எதைக் காட்டினாலும் டாண் டாண் என்று பதில் வரும். குடும்பப் படத்தைக் காட்டினால் அப்பா, அம்மா என்று விரல் வைத்துச் சொல்வாள். சர்வர் கதவு இடுக்கில் காதை வைத்து இதையெல்லாம் கேட்டுக் கேட்டு உச்சி குளிர்ந்துபோயிருந்தார். அந்தப் பூரிப்பில்தான் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். தலைமையாசிரியை ஒரே கேள்வியில் அவரைத் தரையில் இறக்கிவிட்டார்.

"எல்லாம் சரி, தாகம் எடுத்தா தண்ணி கேட்பாளா?"

கேட்கமாட்டாள். எதையும் கேட்டதே இல்லை. தலைமையாசிரியை கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரே ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் பார்த்துப் படித்துக்கொண்டிருக்க அந்தப் பெண்ணால் முடியாது என்று சொல்லியிருக்கிறார். பள்ளி திறந்ததும் ஒரு நாள் காலையில் கொண்டுவந்து வகுப்பில் உட்கார வையுங்கள், வீட்டு ஆட்கள் யாரும் எடுத்துக் கொடுக்காமல் தனக்கு வேண்டிய ஒன்றையாவது அவளாக வாய் திறந்து கேட்டுவிட்டால் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம்.

அடுத்த வருஷம் என்ற சொல்லைச் சர்வர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். தெருவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் பை மாட்டிக்கொண்டு போவதை முதலாளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் பார்க்கிறாளாம். "அவ கேட்கல டீச்சர். ஆனா எனக்குத் தெரியும், அவளுக்குப் போகணும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு அவ கண்ணைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அதற்குப் பதில் அவருக்கு ஒரு பாடம் எடுத்தேன். தண்ணீர் என்று ஒரு குழந்தை சொல்கிறது என்றால் அது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும் என்றேன். நான் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது ஒன்று. படத்தையோ குழாயையோ பார்த்துப் பேர் சொல்வது ஒன்று. தாகம் எடுத்தால் என்ன குடிப்பாய் என்று கேட்டதற்குப் பதிலாகச் சொல்வது ஒன்று. தொண்டை வறண்டு, எதிரில் தண்ணீரே இல்லாதபோது, அது வேண்டும் என்று ஒரு ஆளைப் பார்த்துச் சொல்வது இன்னொன்று. காதுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் ஒன்றைக் கற்றதால் மற்றது தானாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. முதலாளிக்கு முதல் மூன்றும் வரும், கடைசி ஒன்று மட்டும் வரவில்லை.

சர்வர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு மெதுவாக, "அதனாலதான் படத்துல இருக்கிறவனை மட்டும் அப்பாங்கிறாளா?" என்றார். "நான் பக்கத்துலயே நிக்கிறேன். என்னை ஒரு தடவைகூட கூப்பிட்டதில்லை டீச்சர்."

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் வீடு ஒரு மளிகைக் கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய இரண்டு அறை. துடைத்து வைத்தாற்போல இருந்தது. சமையலறை அலமாரியில் ஸ்பூன் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. முதலாளியின் அம்மா, பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவர், அப்போதுதான் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர். நல்லா பார்த்துக்குங்க. நான் சொன்னா இந்த வீட்டில யாரும் நம்பறதில்லை" என்றார்.

ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலாளி அலமாரியின் மேல்தட்டை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள், பந்து அவள் மடிக்கு வந்துவிட்டது. உதட்டை நாக்கால் தொட்டாள், தண்ணீர் வந்தது. கையைச் சட்டையில் துடைக்கப் போனாள், அதற்குள் துணி வந்தது. கண்ணைக் கசக்கினாள், திரைச்சீலை மூடிக்கொண்டது. சர்வர் ஓடவில்லை, பரபரக்கவில்லை. அவர் பாட்டுக்கு அங்கே இங்கே நடந்துகொண்டிருந்தார். அவர் கையில் மட்டும் எப்போதும் சரியான பொருள் இருந்தது. எனக்கு ஒரு பக்கம் பொறாமையாகக்கூட இருந்தது. என்னை யாராவது இப்படிக் கவனித்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். போன இடத்தில் எனக்கே இரண்டாவது கோப்பைத் தேநீர், நான் முதல் கோப்பையின் அடியைப் பார்ப்பதற்குள் வந்துவிட்டது.

"போதும், உட்காருங்க" என்றேன். அவர் உட்கார்ந்தார், பாதி நாற்காலியில்.

"நீங்க ஹோட்டல்லயும் இப்படித்தானா?"

அவர் முகம் மலர்ந்தது. "எங்க ஹோட்டல்ல என் மேசையில ஒரு கஸ்டமர் கையைத் தூக்கிக் கூப்பிட்டா, அது எனக்குத் தலைகுனிவு டீச்சர். உப்பு வேணும்னு அவருக்குத் தோணும்போது உப்பு அங்க இருக்கணும். இத்தனை வருஷத்துல என்னை யாரும் கூப்பிட்டதில்லை."

"உங்க பொண்ணும் கூப்பிட்டதில்லை" என்றேன். "எதுக்குக் கூப்பிடணும்? கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் நிக்கிறீங்களே."

அவர் மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. சமையலறையிலிருந்து அவர் மனைவி, "இதைத்தான் நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே பாவமாகிவிட்டது போலும், வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கோபம்தான் எனக்கு வரும் என்றேனே, அன்றைக்கு வரவில்லை. அன்பு அதிகமாகி ஒரு பிள்ளைக்கு வாய்ப்பூட்டு போட்டதை அதுவரை நான் பார்த்ததில்லை. அவருக்குச் செய்ய வேண்டியதை எளிமையாகச் சொன்னேன். இனி வீட்டில் நீங்கள் மோசமான சர்வர். உலகத்திலேயே மோசமான சர்வர். கோப்பையை வையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சூப்பை வையுங்கள், ஸ்பூனை வைக்காதீர்கள். ஒரு கால் செருப்பை மட்டும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்காமல், கண்ணைக் காட்டாமல், முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். அவள் வாயிலிருந்து அரைச் சொல் வந்தாலும் அந்தப் பொருளை அந்த நொடியே கொடுத்துவிட வேண்டும். ஒழுங்காகச் சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று இழுக்கக் கூடாது. கேட்டால் கிடைக்கும் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

"கேட்டா உடனே கொடுக்கணும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். "அது எனக்கு வரும் டீச்சர். கேட்கிற வரைக்கும் சும்மா இருக்கிறதுதான் வராது."

"அது எனக்கு வரும்" என்றார் மனைவி. "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஆளுங்களைக் காக்க வைக்கிறதுதானே என் வேலை. வலியில துடிக்கிறவங்களையே சிரிச்சுக்கிட்டே உட்கார வைப்பேன். நான் சொல்லித் தரேன் இவருக்கு."

முதல் வாரம் நடந்ததைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஸ்பூன் இல்லாமல் சூப்பை வைத்தார்கள். முதலாளி கிண்ணத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இறக்கி வைத்தாள். ஒற்றைச் செருப்பைக் கொடுத்தார்கள். அன்று பூராவும் ஒற்றைச் செருப்போடு ராஜநடை நடந்தாள். பந்தை இறுக மூடிய கண்ணாடி ஜாடிக்குள் போட்டு வைத்தார்கள். அவள் ஜாடியைக் கொண்டுவந்து அப்பாவின் கையைப் பிடித்து மூடியின் மேல் வைத்தாள். அந்தக் கை, அவர் சொன்னது போல, அவரைக் கேட்காமல் தானே திறந்துவிட்டது.

"உங்க கைதான் அவளுக்கு நாக்கு" என்று கத்தினேன். கோபம் திரும்பி வந்திருந்தது. "அந்தக் கையைக் கட்டிப் போடுங்க."

என் பங்குக்கு மையத்திலும் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. சாவி கொடுத்தால் குரைத்துக்கொண்டே தத்தித் தத்தி வரும் பொம்மை நாய் ஒன்று என்னிடம் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு அது உயிர், முதலாளிக்குப் பிடிக்காது. முன்பெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். போ என்று சொன்னால் நாய் போய்விடும் என்று பழக்கினேன். சொன்ன மறுகணம் நாயைத் தூக்கி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்துவேன். சில நாளில் நாய் தலையைக் காட்டியதும் "போ" என்று அதிகாரமாகச் சொல்ல வந்துவிட்டது. வேண்டும் என்று கேட்பது மட்டும்தான் கேட்பது என்பதில்லை, வேண்டாம் என்பதும் கேட்பதுதான். இதைச் சர்வரிடம் சொன்னபோது, "வேண்டாம்னு சொல்றதையும் உடனே கேட்டுக்கணுமா டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, தட்டை எடுத்துட்டுப் போன்னு கஸ்டமர் சொல்ற மாதிரி" என்று அவர் அதைத் தன் பாஷையில் போட்டு வைத்துக்கொண்டார்.

வீட்டில் விஷயம் திரும்பியது ஒரு தட்டால். ஹோட்டலில் அடிபட்டு நெளிந்துபோன வட்டமான எவர்சில்வர் தட்டு ஒன்றை அவர் எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதை நிறுத்திவைத்துத் தரையில் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அது கிறுகிறுவென்று சுற்றி, சாய்ந்து, படபடவென்று அடித்துக்கொண்டு அடங்கும். முதலாளிக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இந்த உலகத்தில் கிடையாது. ஆனால் இவர்தான் அந்தத் தட்டை அடங்கவே விடமாட்டாரே. சுழல் தளர்ந்ததும் கை போய்விடும்.

"தட்டு நிக்கட்டும்" என்றேன். "முழுசா நிக்கட்டும். சத்தம் அடங்கட்டும். அதுக்கப்புறம் பொறுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அவர் தட்டைச் சுழற்றினார். முதலாளி குந்தி உட்கார்ந்து, தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள். தட்டு சாய்ந்தது, படபடத்தது, அடங்கியது. சர்வர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அது போதாது என்று அவர் மனைவி பின்னாலிருந்து அவருடைய முழங்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே மளிகைக் கடையில் யாரோ பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. முதலாளி தட்டைப் பார்த்தாள். அப்பாவின் கையைத் தேடினாள், கை அகப்படவில்லை. முழங்காலைத் தட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. முகம் அழுவதற்கு ஒரு முறை கோணியது. சர்வருடைய முகம் அவளுக்கு முன்னாலேயே கோணிவிட்டது. பிறகு அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுத்து" என்றாள்.

அவர் மனைவியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு தட்டின் மேல் பாய்ந்தார். தட்டு சுழன்றது, அடங்கியது. "சுத்து." சுழன்றது. "சுத்து." அன்று எத்தனை தரம் என்று யாருக்கும் கணக்கில்லை. கீழேயிருந்து கடைக்காரர் வந்து மேலே என்ன சத்தம் என்று கேட்டார். சர்வர் அவரையும் உட்கார வைத்துச் சுழற்றிக் காட்டினார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்தாராம், எங்களுக்கு நன்றாகவே கேட்டது. நானும் அழுதேன், அதை மறைக்க எனக்குக் குழாய் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மடை திறந்தது என்று சொல்லமாட்டேன், சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தண்ணீர் கேட்டாள். திற என்று கேட்டாள். ஸ்பூனை மட்டும் கடைசிவரை கேட்கவில்லை, கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பதே அவளுக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. கேட்டதெல்லாம் வீட்டுக்குள், அப்பாவிடமோ அம்மாவிடமோ, அல்லது என்னிடம். வேற்று ஆளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. சர்வரையும் அப்பா என்று அழைத்து ஒன்றும் கேட்கவில்லை. கொடுக்கிற ஆள் எதிரிலேயே குந்தியிருக்கும்போது அழைப்பதற்கு அவசியம் என்ன?

இதற்கிடையில் ஹோட்டலில் ஒரு கலாட்டா. ஒரு நாள் சர்வர் சுருங்கிய முகத்தோடு வந்தார். என்ன என்று கேட்டால் சொல்லத் தயங்கினார். அவருடைய மேசைக்கு ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார். இவர் சூப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஸ்பூன் வைக்காமல், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அந்தாளு என்னைப் பார்க்கிறாரு, சூப்பைப் பார்க்கிறாரு. நான் சிரிக்கிறேன். அவரும் சிரிச்சாரு. எனக்கு வித்தியாசமாவே தெரியல டீச்சர், கேட்கட்டும்னு நின்னுட்டேன்."

"கேட்டாரா?"

"கேட்டாரு. ஸ்பூன்னு சொன்ன உடனே, சபாஷ்னு சொல்லிட்டு எடுத்துக் கொடுத்தேன்."

மானேஜர் அவரை ஒரு வாரம் உள்ளே கைத்துணி மடிக்கப் போட்டுவிட்டார். இவர் அதற்காக வருத்தப்படவில்லை. தொழிலில் தன்னை ஒருவர் கூப்பிடும்படி ஆகிவிட்டதே என்றுதான் வருத்தம். நான் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

பள்ளி திறந்தது. வகுப்பில் உட்காரும் நாள் வந்தது. முதலாளியின் அம்மாவுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. டாக்டர் ஊருக்குப் போகும் முன்பு எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுத்தான் போவேன் என்று நிற்கிறார் என்றார். "இவரைப் பார்த்துக்குங்க டீச்சர், அவளைப் பத்தி எனக்குப் பயமில்லை" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் வகுப்பின் பின்சுவரோரம் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்தார். முழங்கால் மோவாயில் இடித்தது. சர்வர் அன்று சட்டையை இரண்டு முறை தேய்த்திருக்க வேண்டும், கையில் பழக்கதோஷத்தில் ஒரு வெள்ளைக் கைத்துணி.

பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கும் ஒரு தாள், ஒரு தூரிகை, ஒரு வண்ணப் பெட்டி. பெட்டி புதிது, மூடி இறுக்கம். அவள் நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள், மேசையில் தட்டினாள். சர்வர் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். வகுப்பு ஆசிரியை இரண்டு பிள்ளைகளின் சண்டையை விலக்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை வாசலில் சாய்ந்து நின்று முதலாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி எழுந்தாள். பெட்டியோடு நேரே எங்களை நோக்கி வந்தாள்.

வந்து அப்பாவின் மடியில் பெட்டியை வைத்து, அவர் கையைத் தேடினாள். அவர் திறந்துவிட்டால் எல்லாம் போச்சு. அவரிடம் கேட்டுவிட்டாலும் பிரயோஜனமில்லை, அவர் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர் கைத்துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து விசிறியையே பார்த்திராதவர் போலப் பார்த்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. முதலாளி அவரை அசைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் விசிறியைப் பார்த்தேன்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வகுப்பின் நடுவே ஒரு கணம் தனியாக நின்றாள். பிறகு ஆசிரியையிடம் போய், அவர் புடவை முந்தானையை ஒரு இழு இழுத்து, "திற" என்றாள். ஆசிரியைக்குச் சண்டைச் சத்தத்தில் காதில் விழவில்லை. முதலாளி விடவில்லை. "டீச்சர். திற."

அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, திறக்க வரலையா?" என்று இரண்டு நொடியில் திறந்து கொடுத்துவிட்டுச் சண்டைக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு அது நாளுக்கு நூறு முறை நடக்கிற சமாசாரம். தலைமையாசிரியை வாசலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டினார். சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது, நாற்காலி இடுப்போடு மாட்டிக்கொண்டதால் குதிக்கவில்லை.

நான் இடுப்பை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அத்தனை நேரம் அடக்கி வைத்த மனிதருக்கு அணை உடைந்துவிட்டது. சத்தமில்லாமல் முதலாளியின் மேசைக்குப் போயிருந்தார். தூரிகை காய்ந்திருக்கிறது என்று குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தாளை நேராக்கினார். சொட்டிய வண்ணத்தைக் கைத்துணியால் ஒற்றினார். அவள் சிவப்பைப் பார்க்கும்போதே பெட்டியைத் திருப்பிச் சிவப்பு அவள் பக்கம் வருமாறு வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரட்டைச் சடைக்காரி தன் தூரிகையை நிறுத்திவிட்டு, யார் இந்த ஆள் என்பது போல அண்ணாந்து பார்த்தாள். முதலாளி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

படம் இல்லை. விரல் வைத்துக் காட்டவில்லை. யாரும் இது யார் என்று கேட்கவில்லை. அவரைத்தான் அழைத்தாள்.

சர்வர் குனிந்தபடியே உறைந்துபோனார்.

"அப்பா. போ."

வகுப்பில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, இருந்தாலும் பார்த்தேன். உதடு துடித்துக்கொண்டிருந்தது, கண் நிறைந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "கேட்டா உடனே கொடுக்கணும், இல்ல டீச்சர்?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கைத்துணியை நான்காக மடித்து முன்கையில் போட்டுக்கொண்டார். மேசைக்கு லேசாகத் தலை வணங்கி, இரண்டு எட்டுப் பின்பக்கமாகவே வைத்து, பிறகு திரும்பி, ஒரு நாற்காலியிலும் இடிக்காமல் கதவைத் தாண்டி நடந்துபோனார். முதலாளி அதற்குள் சிவப்பில் தூரிகையைத் தோய்த்துவிட்டாள். இரட்டைச் சடைக்காரிக்கும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்தபோது அவர் பள்ளிக் கதவுக்கு அந்தப் பக்கம், தெருவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். கைபேசியில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் கிளினிக்கின் சந்தடிக்கு நடுவே அவர் மனைவியின் குரல் கேட்டது.

"சேர்த்துக்கிட்டாங்களா?"

"சேர்த்துக்கிட்டாங்க. அதை விடு. என்னைக் கூப்பிட்டாம்மா. அப்பான்னு கூப்பிட்டா."

அந்தப் பக்கம் யாரோ எப்போது கூப்பிடுவீர்கள் என்று முனகுவதும், உட்காருங்க என்று அவர் மனைவி அதட்டுவதும் கேட்டது.

"கூப்பிட்டு என்ன கேட்டா?"

"போன்னு கேட்டா."

"போனீங்களா?"

சர்வர் கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வகுப்பு ஜன்னலைத் திரும்பிப் பார்க்க அவர் கழுத்து ஒரு முறை அசைந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உடனே போயிட்டேன்" என்றார்.